துள்ளிசையில் ஒரு பிரிவுப் பாட்டு

சென்ற சித்திரை விடுமுறையில் எங்கள் ரொக் இசைக்குழுவுக்குக் கேகாலை விடுதிகளில் மாலைதோறும் அழைப்பு இருந்தது. கேட்பவர்களில் பெரும்பாலோர் சிங்களவர். அவர்கள் ஆடுவதற்கு வேகமான இசை வேண்டும்.

எங்கள் பாடகன் தோட்டத்தில் ரப்பர்ப் பால் வெட்டுபவன். அவன் மனைவி மறுவாரம் வீட்டுவேலைக்காகக் குவைத் செல்லவிருந்தாள். அவளிடம் வாய்விட்டுச் சொல்ல இயலாததைப் பாட்டாக எழுதித் தருமாறு என்னைக் கேட்டான். மிக மெதுவாகப் பாடத்தக்கதாக எழுதினேன்.

"மச்சான், இப்படிப் பாடுனா சனம் சாப்பிடப் போயிரும்" என்று சொல்லி, ட்ரம்ஸ் வாசிப்பவன் அதைத் துள்ளவைத்துவிட்டான். எனக்கு வருத்தம்தான்.

அன்று மாலை பாடகன் அதைப் பாடத் தொடங்கியதும் விடுதி முற்றமே எழுந்து ஆடியது. அன்றைய கூட்டத்தில் தமிழ்ச் சொற்கள் விளங்கியது, கேட்க வந்திருந்த அவன் மனைவிக்கு மட்டுமே. ஓரத்து நாற்காலியில் அசையாமல் இருந்தாள். இரண்டாம் சரணத்தில் அவன் குரல் உடைந்து நின்றுவிட்டது. நான் கிற்றாரை விடாமல் மீட்டிக்கொண்டிருந்தேன்.

அவள் எழுந்து மேடையருகே வந்தாள்.

"என்னங்க, இத்தன பேரு ஆடுறாங்க, நீங்க நின்னு அழுவுறீங்களே! பாடுங்க, நானும் ஆடணும்."

மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவன் பாடினான். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, கண்களைத் துடைக்காமலே, பாட்டு முடியும்வரை ஆடினாள்.