வந்த படத்தை அணைத்தேன்

எனக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. ஆக்கப் பொறுத்தவருக்கு ஆறப் பொறுக்காதா என்பார்கள். எனக்கு ஆக்கவே பொறுக்காது. உலை கொதிப்பதற்குள் மூன்று முறை மூடியைத் திறந்து பார்ப்பேன். இப்படிப்பட்டவளை நான்கு நாள் ஒரே அறையில் உட்காரவைத்து மல்டிகாஸ்ட் கற்றுக்கொள் என்றார்கள்.

காரைக்குடியில் ஒரு கேபிள், இன்டர்நெட் கம்பெனியில் புகார் போனை எடுப்பதுதான் பதினோரு வருடமாக என் வேலை. இனி டிவி சேனல்களும் இன்டர்நெட் வயரிலேயே போகும், புகார்கள் செயலியில் வரும், போன் மேசை வேண்டாம் என்று முதலாளி முடிவு செய்துவிட்டார். பயிற்சியில் தேறினால் மாடியில் நெட்வொர்க் அறை, தேறாவிட்டால் வீடு. வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பதை நினைத்தாலே எனக்கு மூச்சு முட்டியது.

பயிற்சி செக்காலை ரோட்டில், ஒரு பாத்திரக்கடைக்கு மேலே நடந்தது. ஒரு லேப்டாப்பிலிருந்து கிளம்பும் வீடியோ மூன்று ரவுட்டர்களையும் ஒரு ஸ்விட்சையும் தாண்டி டிவிக்கு வந்து சேரவேண்டும். சொல்லிக்கொடுக்க மதுரையிலிருந்து வந்தவர் என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். நான் அவரைத் தம்பி என்பேன், அவர் என்னை அக்கா என்பார்.

"ஆயிரம் வீடு ஒரே சேனலப் பாத்தாலும் இங்க இருந்து ஒரு தடவ அனுப்புனாப் போதும்க்கா. கேட்ட வீட்டுப் பக்கம் மட்டும் ரவுட்டர் பிரிச்சு விட்ரும், கேக்காத வீட்டுக்குப் போகாது. அம்புட்டுத்தான் மல்டிகாஸ்ட்" என்றார்.

சொல்வது எளிது. ரவுட்டரில் வயர் செருகும் ஒவ்வொரு போர்ட்டிலும் மல்டிகாஸ்டைத் தனித்தனியாக இயக்கவேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் டிவி கறுப்பாகவே கிடக்கும்.

மூன்றாம் நாள் அவர் எங்கேயோ ஒன்றைக் கெடுத்துவிட்டு என்னைச் சரிசெய்யச் சொன்னார். நான் கண்ணில் பட்டதையெல்லாம் மாற்றினேன். ஐந்தே நிமிடத்தில் படம் வந்தது. எனக்கு ஒரே பெருமை.

"எதுனால வந்துச்சுக்கா?"

"வந்துருச்சுல்ல தம்பி, அப்பறமென்ன?"

"ஆறு எடத்துல கை வச்சிருக்கீக. அதுல எது?"

எனக்குத் தெரியவில்லை. அவர் எல்லாவற்றையும் பழையபடி ஆக்கிவிட்டு, "ஒன்ன மாத்துங்க, பாருங்க, எழுதுங்க. அப்பறம் அடுத்ததத் தொடுங்க" என்றார். கோபத்தில் அன்று மதியம் நான் சாப்பிடவில்லை. எனக்குப் புத்தி சொல்ல இவர் யார் என்றுதான் இருந்தது.

நான்காம் நாள் பரீட்சை, இருபது நிமிடம். படத்தையும் வரவைக்கவேண்டும், எது கெட்டிருந்தது என்று தாளிலும் எழுதவேண்டும். பதினைந்து நிமிடம் நான் ஒழுங்காகத்தான் இருந்தேன். முதல் ரவுட்டரின் அமைப்புகளை வரிவரியாகப் படித்தேன், அதில் குறையில்லை. அப்போது முதலாளி உள்ளே வந்து என் பின்னால் நின்று வாட்சைப் பார்த்தார். அவ்வளவுதான், காலில் வெந்நீரைக் கொட்டியதுபோல ஆகிவிட்டது. மூன்றாவது ரவுட்டரில் ஒரு முகவரியைத் திரும்ப அடித்தேன். இரண்டாவதில் ஒரு போர்ட்டில் மல்டிகாஸ்டை இயக்கினேன். கேட்ட டிவிக்கு மட்டும் அனுப்பு என்று ஸ்விட்சில் இருந்த கட்டுப்பாட்டையும் எடுத்துவிட்டேன். படம் வந்தது.

"அட, பரவாயில்லையே!" என்றார் முதலாளி. இன்னும் மூன்று நிமிடம் இருந்தது.

தாளில் ஒரு வரி எழுதினால் முடிந்தது. மூன்றில் ஒன்றைக் குத்துமதிப்பாக எழுதியிருக்கலாம். பேனாவை எடுத்தபோது கொத்தமங்கலத்திலிருந்து வாரம் தவறாமல் கூப்பிடும் ஓர் ஆச்சியின் குரல்தான் ஞாபகத்துக்கு வந்தது. "நேத்து ஒங்க ஆளு வந்து எதையோ தட்டுனாரு, படம் வந்துச்சு. இன்னைக்குக் காணாம். என்னத்தச் சரி பண்ணுனீக?" அவருக்கு நான் ஒருநாளும் பதில் சொன்னதில்லை. ஆள் அனுப்புகிறேன் ஆச்சி என்று மட்டும் சொல்லி வைத்துவிடுவேன்.

நான் எழுந்துபோய் ரவுட்டர்களையும் ஸ்விட்சையும் மின்சாரத்திலிருந்து பிடுங்கினேன். சேமிக்காத மாற்றங்களெல்லாம் அதோடு போய்விடும். டிவி கறுத்தது.

"என்னம்மா பண்றீக!" என்று முதலாளி கத்தினார்.

திரும்பச் செருகினேன். அவை உயிர்பெற நான்கு நிமிடம் பிடிக்கும். விளக்குகள் ஒவ்வொன்றாக மினுங்கின. நான் நாற்காலிக்கும் சன்னலுக்குமாக நடந்தேன். அதற்குள் என் இருபது நிமிடமும் தீர்ந்தது. தம்பி, "முடிங்கக்கா" என்று மட்டும் சொன்னார்.

முதலில் அந்த முகவரியை மட்டும் திரும்ப அடித்துவிட்டு, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் பார்த்தேன். ஒன்றுமில்லை. அதை எழுதினேன். பிறகு போர்ட்டை இயக்கினேன். படம் வந்தது. ஸ்விட்சை நான் தொட்டிருக்கவே வேண்டியதில்லை. ஊருக்குள் நிஜமாகவே இப்படி எடுத்துவிட்டிருந்தால், கேட்காத வீட்டுக்கெல்லாம் எல்லாச் சேனலும் போய் அடைத்திருக்கும்.

"நேரம் முடிஞ்சபெறகு வந்தா என்ன, வராட்டி என்ன?" என்றார் முதலாளி. "சனத்துக்குப் படம் வந்தாப் போதும். எதுனால வந்துச்சுன்னு யாரு கேக்கப் போறா?"

"என்கிட்டக் கேக்குறாகண்ணே" என்றேன். பதினோரு வருடத்தில் நான் அவரை எதிர்த்துப் பேசியதில்லை. "காரணம் தெரியாமச் சரி பண்ணுன வீட்ல இருந்து மறுநாளே போன் வருது. அத எடுக்குறவ நான்தான். நீங்க ஒருநாள் எடுத்திருக்கீகளா?"

அவர் என் தாளை எடுத்து இரண்டு முறை படித்தார். தம்பி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பப் போன் மேசை இருக்கட்டும்" என்றார் கடைசியில். "அதுக்கு ஒங்கள விட்டா ஆளு இல்ல. நீங்களே எடுங்க."

"எடுக்குறேன். மாடியில ஒக்காந்து எடுக்குறேன்."

அவர் என் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு படியிறங்கினார். திங்கட்கிழமை காலை போனைக் கழற்றி, வயரைச் சுருட்டி, நானே நெட்வொர்க் அறைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். யாரும் தடுக்கவில்லை.