நேராக நின்ற கட்டடத்தைச் சாய்த்தவள்

கடைவீதித் திருப்பத்தில் இருக்கும் அந்த ஸ்டூடியோவுக்குப் பாஸ்போர்ட் படம் எடுக்கப் போகிறவர்கள், உள்ளே நுழையும் முன் கண்ணாடி ஜன்னல் அருகே நின்றுவிடுவார்கள். ஒரு வாரம் அதில் டீக்கடைக்காரர் தன் கண்ணாடி டம்ளருக்குள்ளேயே இடுப்பளவு டீயில் நின்று குளித்துக்கொண்டிருப்பார். மறு வாரம் ஒரு பெண் தன் தலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு நிதானமாகப் பேன் பார்த்துக்கொண்டிருப்பாள். எல்லாம் ஒருத்தியின் கைவேலை. தெரு முழுக்க அவளுக்குக் கண்கட்டு அக்கா என்றுதான் பெயர். கூப்பிடுகிறவர்கள் குரலில் பாதி கேலி, பாதி பெருமை.

முகப்பரு அழிப்பது, கோட்டே இல்லாதவருக்குக் கோட்டு மாட்டுவது, குடும்பப் படத்துக்கு வராமல் போன தம்பியை வரிசையில் செருகுவது, இவையெல்லாம் அவளுக்குச் சோறு போடும் வேலைகள். ஜன்னல் படம் அப்படியல்ல. அதற்கு யாரும் அவளைக் கேட்டதில்லை. அதனால்தான் அதில் உயிரைக் கொடுத்தாள்.

டீக்கடைக்காரரின் படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அவரை ஒரு காலி பீப்பாய்க்குள் நிறுத்தி, டம்ளரை எந்த வெளிச்சத்தில் எடுத்தாளோ அதே வெளிச்சத்தில் எடுத்தாள். டம்ளரைக் கேமரா எந்தச் சாய்வில் குனிந்து பார்த்ததோ அதே சாய்வில் அவரையும் பார்த்தது. டீ தொடும் இடத்தில் பனியனில் ஈரக்கோடு. அவர் தாடைக்கு அடியில், டீயில் பட்டுத் திரும்பும் பழுப்பு வெளிச்சம். அந்தப் பழுப்பைப் பார்த்து யாரும் வியக்கவில்லை. ஆனால் அது இல்லாவிட்டால் படத்தை நம்பியிருக்கவும் மாட்டார்கள்.

"வெட்டி ஒட்டறதுக்குக் கத்தரிக்கோல் போதும். நிழலைச் சேர்த்து ஒட்டணும். அங்கதான் எல்லாரும் மாட்டிக்கறாங்க" என்பாள். அடக்கமெல்லாம் அவளிடம் கிடையாது. நன்றாகச் செய்ததை நன்றாகச் செய்தேன் என்று சொல்வதில் என்ன வெட்கம்?

அவளுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ஒவ்வொரு படத்திலும் வேண்டுமென்றே ஒரு தப்பை வைப்பாள். ஆறு விரல் கை, எண்களைத் திருப்பி எழுதிய கடிகாரம், ஏதாவது ஒன்று. கண்டுபிடித்தவர்கள் கடைக்குள் வந்து சொல்வார்கள். "ஏமாத்தறவ, ஏமாந்தவங்க வெளிய வர ஒரு வாசலும் வைக்கணும். வாசல் இல்லாம ஏமாத்தினா அது வித்தை இல்ல, திருட்டு" என்பது அவள் கட்சி. உலகத்தில் பெரிய பெரிய பீடங்களில் உட்கார்ந்து வாசலே வைக்காமல் வித்தை காட்டுகிறவர்களை நினைத்தால், இந்தப் பெண்ணின் ஒழுக்கத்துக்குத் தனியாக எழுந்து நின்று கைதட்டலாம்.

அவள் கணவர் பேருந்து ஓட்டுநர். அவருடைய அக்கா, அதாவது இவளுடைய நாத்தனார், பின்தெருவில் நாலுமாடிக் கட்டடம் ஒன்றில் மூன்றாம் மாடியில் குடியிருந்தார். தையல் வேலை. கனமான மோட்டார் மெஷினைத் தரையோடு திருகிப் பூட்டி வைத்திருந்தார். அந்த மெஷினும் அந்த வீடும்தான் அவர் பிழைப்பு.

ஒருநாள் வேலை முடிந்து அக்காவைப் பார்க்கப் போன ஓட்டுநர், அலுப்பில் கட்டடச் சுவரில் தோளைச் சாய்த்து நின்றார். கூடப் போயிருந்த இவளுக்கு அது போதுமாக இருந்தது. அடுத்த வாரம் ஜன்னலில் புதிய படம்: ஓட்டுநர் சாய்ந்த பாரம் தாங்காமல் நாலு மாடியும் ஒருபக்கமாகச் சாய்கின்றன. தெருவிளக்குக் கம்பம் நேராக நிற்கிறது. இதுவரை யாரும் செய்துவிடலாம். அவள் கை தெரிவது பால்கனிகளில். கட்டடத்தைச் சாய்த்தபோது கொடிகளில் காயும் துணிகளும் சேர்ந்து சாய்ந்தன அல்லவா? அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்து மறுபடி செங்குத்தாகத் தொங்கவிட்டிருந்தாள். சுவர் சாய்ந்தாலும் சேலை நேராகத்தானே தொங்கும்! பார்த்தவர்களின் மூளை அந்தச் சேலைகளைப் பார்த்துத்தான் சரணடைந்தது.

வாசலும் வைத்திருந்தாள். ஓட்டுநருக்கு மட்டும் இரண்டு நிழல்கள்.

படத்தை யாரோ செல்போனில் பிடித்தார்கள். கைமாறிக் கைமாறிச் சுற்றியது. எங்கேயோ ஓர் இடத்தில் ஓட்டுநர் வெட்டப்பட்டார். இரண்டு நிழலும் அவரோடு போயின. மிச்சம் இருந்தது சாயும் கட்டடம் மட்டும். ஓரத்தில் வாசல் வைத்தால் ஒரே வெட்டில் வாசல் போய்விடும் என்பது அவளுக்குத் தோன்றியிருக்கவில்லை. அத்தனை சேலைகளை நிமிர்த்தியவளுக்கு இது ஒன்று தோன்றவில்லை.

கட்டட உரிமையாளருக்கு அந்தப் படம் வரப்பிரசாதம். இடித்துவிட்டு உயரமாகக் கட்ட அவருக்கு நெடுநாள் ஆசை. சட்டப்படி வெளியேற்ற வழியில்லாத குடித்தனக்காரர்கள் குறுக்கே இருந்தார்கள். வீட்டை இடிக்கிறவன் கடப்பாறையோடு வருவான் என்று நாம் நினைக்கிறோம். இல்லை, முதலில் பயத்தைத்தான் அனுப்புகிறான். அவருடைய மேனேஜர் வீடு வீடாகப் படத்தைக் காட்டினார். "உங்க நல்லதுக்குத்தான் சொல்றோம். எந்த நேரமும் விழுந்துடும். சம்மதக் கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்புங்க."

அதற்குப் பிறகு கட்டடம் நிஜமாகவே சாயத் தொடங்கியது, அதாவது அங்கே குடியிருந்தவர்களின் கண்ணில். பழைய கீறல்களெல்லாம் புதிதாகத் தெரிந்தன. ஒருவர் தரையில் கோலிக்குண்டை விட்டுப் பார்த்தார், உருண்டது. தண்ணீர் வடிய எல்லாத் தரையும் கொஞ்சம் சரிவாகத்தான் போடப்படும் என்பது யாருக்கும் நினைவில்லை. நேரில் பார்த்தேன் என்கிறவனைப் போல ஏமாந்த சாட்சி வேறு யாரும் இல்லை.

நாத்தனார் நேரே ஸ்டூடியோவுக்கு வந்தார்.

"ஏம்மா, உன் விளையாட்டு என் தலைல விடிஞ்சிருக்கே, தெரியுமா உனக்கு?"

"அண்ணி, அது நான் செஞ்ச படம். பொய்ப் படம். உங்களுக்கே தெரியுமே!"

"தெரியும். ஆனா ராத்திரி படுத்தா கட்டில் சரியறாப்ல இருக்கே, அதுக்கு என்ன சொல்ற?"

அவள் திறமைக்கு அதைவிடப் பெரிய பாராட்டும் இல்லை, அதைவிடப் பெரிய அடியும் இல்லை.

மறுநாளே மூலப் படத்தை எடுத்துக்கொண்டு மேனேஜரிடம் போனாள். நேராக நிற்கும் கட்டடம், சுவரில் சாய்ந்த கணவர். மேனேஜர் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"நேரா இருக்கறதுதான் நீங்க மாத்தின படமா இருக்கும். யாருக்குத் தெரியும்? நீங்கதான் எதை வேணா எப்படி வேணா மாத்துவீங்களே! ஊரே சொல்லுது."

எரிச்சலோடு திரும்பினாள். ஆனால் அந்த ஆள் சொன்னதில் ஒரு நியாயம் இருப்பதையும் பார்த்தாள். ஒரு படத்தைப் பொய்யென்று காட்ட இன்னொரு படத்தை நீட்டினால் அதையும் யார் நம்புவார்கள்? கட்டடத்தைக் காட்டிப் பயனில்லை. பார்க்கிற கண்ணைத்தான் அவர்களுக்குக் காட்டியாக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை, கட்டடத்தின் கீழே வண்டி நிறுத்தும் இடத்தில் கையெழுத்து வாங்க மேஜை போட்டிருந்தார் மேனேஜர். நாத்தனார் வரிசையில் முதல் ஆள். மெஷினின் திருகுகளை ஏற்கெனவே கழற்றியாயிற்று. ஓட்டுநர் தலையில் கை வைத்தபடி மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார்.

"அக்கா, கொஞ்சம் பொறு."

"டேய், சாய்ஞ்சு நின்னு ஆரம்பிச்சு வச்சவனே நீதான். நீ பேசாத."

இவள் சுருட்டி வந்த இரண்டு பெரிய அச்சுப்படங்களைச் சுவரில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினாள். இரண்டிலும், உரிமையாளர் அடுத்த தெருவில் புதிதாகக் கட்டி, இன்னும் ஆள் குடிவராத அடுக்குமாடி. கீழேயிருந்து ஓரமாக நின்று அண்ணாந்து எடுத்த படம்.

"எது அதிகமா சாயுது?"

"வலது பக்கம் இருக்கறது" என்றது கூட்டம், ஒரே குரலில்.

"ஐயோ, புதுக் கட்டடமே இப்படியா?" என்றார் ஒருவர். "அங்கதானே எங்களுக்கு வீடு பாத்துத் தர்றேன்னீங்க?" என்று மேனேஜரைப் பிடித்துக்கொண்டார் இன்னொருவர்.

மேனேஜர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "இதெல்லாம் இவங்க கம்ப்யூட்டர்ல செய்யறது! எங்க கட்டடம் ஊசி மாதிரி நிக்குது! ஒரு படத்தைப் பாத்து கட்டடம் சாயுதுன்னு சொல்லிட முடியுமா? அளந்து பாக்க வேணாமா?"

நாத்தனார்தான் முதலில் சிரித்தார். சிரிப்பு வரிசையில் கடைசி ஆள்வரை போனது. தான் சொன்னது என்னவென்று மேனேஜருக்கு அப்போதுதான் உறைத்தது.

"சார் சொல்றது சரி" என்றாள் அவள். "ஆனா இதுல கம்ப்யூட்டர் வேலை ஒண்ணுமே இல்ல." வலப்பக்கப் படத்தைப் பிரித்து இடப்பக்கத்துப் படத்தின் மேல் வைத்து, இரண்டையும் சேர்த்து வெயிலில் பிடித்தாள். கோட்டுக்குக் கோடு பொருந்தியது. "ரெண்டும் ஒரே படம். ஒரு புள்ளி மாத்தல. பக்கத்துல பக்கத்துல வச்சா ஒண்ணு சாயற மாதிரி நம்ம கண்ணே பண்ணிக்குது. நான் தொடாமலே கண்ணு இவ்ளோ பண்ணும்னா, நான் உக்காந்து செஞ்ச படத்துக்கு நீங்க பயந்ததுல தப்பே இல்ல. ஆனா பயந்துட்டுக் கையெழுத்துப் போடாதீங்க. சாரே சொல்லிட்டாரு, அளக்கணும்னு."

"அளந்துட்டு வாங்க சார், நாங்க எங்கயும் போகல" என்றார் நாத்தனார். வரிசை கலைந்தது. மேஜை மட்டும் நின்றது.

குடித்தனக்காரர்கள் எழுதிக் கேட்டதும் நகராட்சிப் பொறியாளர் கருவிகளோடு வந்தார், நாலு மூலைகளிலும் அளந்தார், கட்டடம் நேராக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். மேனேஜர் அதற்குப் பிறகு அந்தப் பக்கம் வரவில்லை. உரிமையாளர் வேறு வழி தேடுவார். அவரைப் போன்றவர்கள் தேடாமல் இருந்ததில்லை. ஆனால் பயத்தை வைத்து அந்த வீடுகளைக் காலி செய்ய இனி அவரால் முடியாது.

ஓட்டுநர் மண்டியிட்டு மெஷினின் திருகுகளைத் தரையில் மறுபடி முறுக்கிக்கொண்டிருந்தபோது நாத்தனார் கேட்டார்.

"ஏம்மா, எனக்கு ஒரு படம் செஞ்சு தருவியா?"

"உங்களுக்கா அண்ணி? இவ்ளோ பட்ட பிறகுமா?"

"இந்தக் கட்டடத்தை அப்படியே தூக்கி நான் இடுப்புல வச்சிருக்கற மாதிரி. கைக்குழந்தையை வச்சிருப்போமே, அப்படி. ஒருத்தனும் பிடுங்க முடியாத மாதிரி இறுக்கிப் பிடிச்சிருக்கணும்."

இவள் நாத்தனாரின் இடுப்பை ஒருமுறை அளவெடுப்பது போலப் பார்த்தாள். "நாலு மாடி கனக்கும். கொஞ்சம் வளைஞ்சு நில்லுங்க" என்று கேமராவை எடுத்தாள்.