விமானத்துக்கு முன்னால் இரண்டு கோட்டைகள்

என் கணவர் ஓமானில் இருபது வருடங்களுக்கு மேல் ஒரே வீட்டில் கார் ஓட்டினார். நிஸ்வாவுக்குப் பக்கத்தில் பேரீச்சந்தோட்டம் வைத்திருந்த ஒருவரின் வீடு அது. அவரை இவர் அர்பாப் என்றுதான் சொல்வார். முதலாளி என்று அர்த்தம். வெள்ளிக்கிழமை போன் வரும். நான் பாதி விஷயம் சொல்லி முடிப்பதற்குள் அர்பாப் கூப்பிடுகிறார் என்று வைத்துவிடுவார். முகம் பார்த்தறியாத அந்த மனிதரை எனக்குப் பிடிக்காமல் போனதற்கு அதுவே போதுமாக இருந்தது.

இவர் வேலையை விட்டு எங்கள் ஊர் தோவாளைக்கே வந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. போன கார்த்திகையில் அர்பாப், மூட்டுவலி வைத்தியத்துக்காகத் தன் மகளோடு திருவனந்தபுரத்துக்கு வந்தார். வைத்தியம் முடிந்து ஊர் திரும்பும் நாளில், விமானம் இரவில்தானே, அதற்குள் உன் வீட்டைப் பார்க்கவேண்டும் என்று இவரிடம் சொல்லியிருக்கிறார். கூடவே ஒரு கோட்டையாவது பார்க்கவேண்டுமாம். அவர்கள் பக்கம் மலை இடுக்கிலும் தோப்புக்கு நடுவிலும் மண்கோட்டைகள்தான். விருந்தாளி வந்தால் முதலில் கோட்டைக்குக் கூட்டிப்போவதுதான் அங்கே மரியாதை.

"ரெண்டு கோட்டை போதும், கேட்டியா. வட்டக்கோட்டையில சரிவா பாதை உண்டு, அவரு முட்டுவலிய வச்சுக்கிட்டு படி ஏறாண்டாம். போற வழியில உதயகிரி. அங்க இருந்து அவங்க திருவனந்தபுரத்துக்குப் போவட்டும், நாம பஸ்ஸில திரும்பீரலாம்" என்று இவர் முந்தின நாளே திட்டம் போட்டுவிட்டார்.

காலையில் வாசலில் கார் வந்து நின்றது. நான் மனதில் வைத்திருந்த ஆள் கனத்த உருவமும் கனத்த குரலுமாக இருந்தார். இறங்கியவரோ காற்றடித்தால் சாய்ந்துவிடுகிற மாதிரி ஒரு கிழவர். வெள்ளை அங்கி, பூவேலை செய்த தொப்பி, கையில் ஊன்றுகோல். மகளுக்கு முப்பதைத் தாண்டியிருக்கும். அங்கே பள்ளிக்கூடத்தில் வாத்திச்சியாக இருக்கிறாள் என்று இவர் சொல்லியிருந்தார்.

இவர் ஓடிப்போய் அர்பாபின் கையைப் பிடித்துக்கொண்டு அரபியில் பேச ஆரம்பித்தார். வீட்டில் இவர் பேசுவது குறைவு. சாப்பாடு ஆயிற்றா, மோட்டார் போட்டாயா, அவ்வளவுதான். அன்றைக்கு அந்த மனிதர் கையை ஆட்டி, குரலை ஏற்றி இறக்கி, இடையில் எதையோ சொல்லித் தானே முதலில் சிரித்துக்கொண்டு, வேறு யாரோ மாதிரி இருந்தார். நான் புட்டும் பயறும் எடுத்து வைத்துக்கொண்டே அவரைப் பார்த்தபடி இருந்தேன். முப்பது வருடத்துக்கு மேல் குடும்பம் நடத்தியிருக்கிறேன். அந்தச் சிரிப்பை நான் கேட்டதே இல்லை.

வட்டக்கோட்டை வாசலில் அர்பாப் நின்று அண்ணாந்து பார்த்தார். கல் வளைவை ஊன்றுகோலால் சுட்டி ஏதோ கேட்டார். இவர் எனக்குத் தமிழில் சொன்னார். அவர்கள் ஊர்க் கோட்டைகளில் வாசலுக்கு நேர் மேலே ஓட்டை இருக்குமாம். எதிரி உள்ளே நுழையும்போது கொதிக்கிற பேரீச்சம்பாகை அதன் வழியாகத் தலையில் ஊற்றுவார்களாம். இங்கே ஓட்டையைக் காணோமே என்று கேட்கிறார்.

"என்ன சொன்னீங்க?" என்றேன்.

"நாங்க சாயாதான் ஊத்திக் குடுப்போம், அதுக்கு ஓட்டை வேண்டாம்னு சொன்னேன்."

அந்தக் காலத்தில் பீரங்கி இழுத்து ஏற்றிய சரிவுப் பாதையில் மெதுவாக ஏறினோம். பாதி வழியில் அர்பாப் கொஞ்சம் வேகம் எடுத்தார். பின்னால் வந்த மகள், "மெள்ள மக்கா, மெள்ள" என்றாள்.

நான் நின்றுவிட்டேன். கொஞ்சமும் பிசகாத எங்கள் ஊர்ப் பேச்சு அது. நான் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்தவள், இங்கிலீஷ் சமாளிப்பேன். இதை எங்கே கற்றாய் என்று கேட்டேன். அவள் என் கணவரைக் காட்டினாள்.

மேலே மதில்மேல் கடற்காற்று புடவையைப் பிடுங்கியது. ஆண்கள் இருவரும் கடலைப் பார்க்க ஓரத்துக்குப் போனார்கள். அவள் என்னோடு நடந்தபடி சொன்னாள். சின்ன வயதில் அவள் அம்மா எப்போதும் நோயாளி. பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவிட்டதும் கூட்டிவந்ததும் என் கணவர்தான். தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டியில் நீச்சல் சொல்லிக் கொடுத்தவரும் அவர்தான். பயந்து அழுதால், ஒண்ணுமில்ல மக்கா என்பாராம். அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டதற்கு, ஊரில் உன் வயதில் எனக்கு ஒரு மகள் இருக்கிறாள், அவளை அப்படித்தான் கூப்பிடுவேன் என்றாராம்.

"ஊருக்குக் கிளம்பும் முன் என்னைத் துணிக்கடைக்குக் கூட்டிப்போவார். ஒரு கவுனை எனக்குப் போட்டு அளவு பார்ப்பார். அதில் இரண்டு வாங்குவார்" என்றாள்.

எங்கள் மகளுக்கு இவர் கொண்டுவரும் கவுன்கள் எப்போதும் சரியாக இருக்கும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பிள்ளையைப் பார்க்கிற மனிதருக்கு எப்படி அளவு தெரிகிறது என்று நான் அப்போதெல்லாம் அதிசயப்பட்டிருக்கிறேன்.

மகள் இப்போது கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள். அவள் சின்ன வயதுப் படங்களை என் போனில் ஏற்றிக் கொடுத்திருந்தாள். அதில் ஒன்றைத் தேடி எடுத்துக் காட்டினேன். மஞ்சள் கவுன், நெஞ்சில் வெள்ளைச் சரிகை, முன்பல் இரண்டும் இல்லாத சிரிப்பு. அர்பாபின் மகள் அதைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டுத் தன் போனில் ஒரு படத்தை எடுத்து நீட்டினாள். அதே மஞ்சள் கவுன். மண்கோட்டையின் சுவருக்கு முன்னால் ஒரு சிறுமி. பக்கத்தில் கருகருவென்ற மீசையோடு என் கணவர், அவள் பள்ளிப் பையைத் தோளில் மாட்டியபடி நிற்கிறார்.

அந்த வயதில் இவரும் எங்கள் மகளும் சேர்ந்து நிற்கிற படம் எங்கள் வீட்டில் ஒன்றுகூட இல்லை.

நல்ல படம் என்றேன். காற்று வாங்குவதுபோல மதில் ஓரமாக நடந்துபோய் மலைப்பக்கம் பார்த்து நின்றேன். அவள்மேல் கோபமில்லை, பாவம், அம்மா நோயில் கிடந்த பிள்ளை. ஆனாலும் என் மகள் பள்ளிக்கூடத்துக்கு மழையில் ஒற்றையாக ஓடிய நாட்கள் எனக்கு ஞாபகம் வந்தன.

கொஞ்சநேரத்தில் மூவரும் என் பக்கம் வந்தார்கள். அர்பாப் மதில்கல்லில் உட்கார்ந்து, மூச்சு வாங்கியபின், என்னை நேராகப் பார்த்து அரபியில் பேசினார். நீளமாக, நிறுத்தி நிறுத்திப் பேசினார். இவர் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். முடித்ததும் இவர் எனக்குச் சொன்னார்: "கடல் நல்லா இருக்குன்னு சொல்லுகாரு."

அந்தப் பெண்ணுக்கு அவ்வளவு தமிழ் புரிந்தது. இல்லை, அவர் சொன்னது அதில்லை என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு, அப்பா சொன்னதை அவளே சொன்னாள். இவர் ஊரோடு போய்விடுகிறேன் என்று மூன்று முறை கேட்டாராம். மூன்று முறையும் அர்பாப்தான் தடுத்தாராம். மகள் படிப்பு முடியட்டும், மனைவி குணமாகட்டும் என்று ஏதாவது ஒரு காரணம். ஊரில் இவருக்கும் ஒரு வீடு இருக்கிறது என்று தெரிந்தேதான் செய்தேன், அது சரியில்லை, அதை இவரிடம் இல்லை, உங்களிடம் சொல்லவேண்டும் என்றுதான் வந்தேன். இதுதான் அவர் பேசியது.

இவர் ஊர் வரக் கேட்டார் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். கேட்கவே மாட்டார், அங்கேயே பழகிவிட்டது என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

எல்லாம் போகட்டும், பரவாயில்லை என்று சொல்லத்தான் நாக்கு எழுந்தது. வீட்டுக்கு வந்த மனிதர், வயதானவர். ஆனால் அது பொய்யாக இருந்திருக்கும்.

இவரைப் பார்த்துச் சொன்னேன். "எனக்கு அதுல நல்ல வெசனம் உண்டு. இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா இம்பிடு தூரம் வந்து, எம் முகத்தைப் பாத்துச் சொன்னாரு இல்லியா, அது பெரிய காரியம். இதை அப்படியே சொல்லுங்க. கடலைப் பத்திச் சொல்லாண்டாம்."

இந்த முறை இவர் சரியாகத்தான் சொல்லியிருக்கவேண்டும். அர்பாப் வலது கையை நெஞ்சில் வைத்துத் தலை தாழ்த்தினார். கீழே இறங்கி இளநீர் குடித்தோம். நாகர்கோவிலில் சாப்பிட்டுவிட்டுப் புறப்பட்டோம்.

உதயகிரிக் கோட்டைக்குள் இப்போது பூங்காதான். மான் பார்க்க வந்த குடும்பங்கள் மரத்தடிகளில் உட்கார்ந்திருந்தன. உள்ளே கூரையில்லாத ஒரு பழைய கிறிஸ்தவக் கோயிலில் டச்சுக்காரப் படைத்தலைவர் ஒருவரின் கல்லறை உண்டு. குளச்சல் சண்டையில் பிடிபட்டு, பிறகு திருவிதாங்கூர் ராஜாவிடமே வேலை பார்த்து, இந்தக் கோட்டையைப் பலப்படுத்தி, இங்கேயே இறந்தவர். அவர் ஊருக்குத் திரும்பவே இல்லையா என்று அர்பாப் கேட்டார். இல்லை என்றுதான் நாங்கள் படித்திருக்கிறோம் என்றேன். அவர் கல்லறை அருகே நின்று இரண்டு கைகளையும் ஏந்தி ஏதோ முணுமுணுத்தார்.

பக்கத்தில் அந்தப் படைத்தலைவரின் மனைவி கல்லறையும் மகன் கல்லறையும் இருக்கின்றன.

"இவரு பெண்டாட்டி பிள்ளையைக் கூடவே வச்சிருந்திருக்காரு" என்றேன்.

இவர் அதை மொழிபெயர்க்கவில்லை. என்னைப் பார்க்காமல் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றார்.

தக்கலையில் எங்களை இறக்கிவிட்டார்கள். அந்தப் பெண் என்னைக் கட்டிக்கொண்டாள். இவர் தலையில் முத்தமிட்டாள். அவர்கள் ஊரில் பெற்றவர்களுக்குச் செய்கிற மரியாதையாம். களியக்காவிளைப் பக்கம் வண்டி நெரிசலாக இருக்கும், சீக்கிரம் போ என்று இவர் டிரைவரிடம் மலையாளத்தில் இரண்டு முறை சொன்னார். கார் திரும்பி மறைந்தபிறகும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பஸ்ஸில் இடம் கிடைத்தது. வில்லுக்குறி தாண்டியதும் நான் கேட்டேன்.

"மூணு மட்டம் கேட்டீங்களா?"

"ம்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"கேட்டும் விடலன்னு சொன்னா உனக்கு வெசனம் இன்னும் கூடும். கேக்கவே இல்லன்னு நீ நெனச்சா, எம்மேல கோவப்பட்டுட்டு இருந்திருவ. அது பரவால்லன்னு நெனச்சேன்."

இத்தனை வருடம் அப்படியேதான் கோபப்பட்டிருந்தேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பிறகு அந்தப் பிள்ளைக்கு நீச்சல் பழக்கிய தொட்டி எவ்வளவு ஆழம் என்று கேட்டேன். இவர் சொல்ல ஆரம்பித்தார். பார்வதிபுரம் வந்தது, வடசேரியில் இறங்கி அடுத்த பஸ் மாறினோம், இவர் பேச்சு நிற்கவில்லை. சில இடங்களில் எனக்குச் சிரிப்பு வந்தது. சில இடங்களில், போதும், மீதியை நாளைக்குச் சொல்லுங்கள் என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் மகளைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கடைசிவரை கேட்டாள். அப்புறம், "அப்பாட்ட போனைக் குடும்மா" என்றாள். கொடுத்துவிட்டு நான் அடுக்களைக்குப் போய் அரிசி களைந்தேன். உலை கொதித்து, சோறு வடித்து இறக்கும்வரை முன்னறையில் இவர் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது.