பேரைக் கேட்டியா, புள்ள?

செய்தி எனக்குத்தான் முதலில் வந்தது. அதை நினைத்தால் உட்கார முடியவில்லை. இதை எழுதும்போதும் இரண்டு வரிக்கு ஒருமுறை எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன். கோர்வையாக இல்லாவிட்டால் நம் வகுப்பு நண்பர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். அவளும் எதையும் கோர்வையாகச் சொன்னவள் இல்லை.

திருச்சியில் ஒரு சின்ன செய்தித் தொலைக்காட்சியில் வேலை பார்க்கிறேன். திரையின் அடியில் ஓடுகிறதே ஸ்க்ரோல், அந்த வரிகளை எழுதுவது என் பொறுப்பு. அன்று மதியம் கீரனூர்ப் பக்கத்து நிருபர் போன் செய்தார். "மேடம், கீரனூர் தாண்டி லாரி மோதிருச்சு. ஸ்கூட்டியில வந்த பொண்ணு ஸ்பாட்லயே போயிருச்சுங்க. இளம்பெண் பலின்னு போட்டுருங்க."

"பேரு என்னங்க?"

"பேரெல்லாம் இன்னும் தெரியலைங்க."

"கேட்டுச் சொல்லுங்க. வெயிட் பண்றேன்."

ஷிப்ட் இன்சார்ஜுக்குப் பொறுக்கவில்லை. "ஏம்மா, மத்த சேனல்காரன் எல்லாம் போட்டுட்டான். நீ என்ன பேரு வைக்கிற விசேஷமா நடத்துற?" என்றார். நான் அசையவில்லை. திட்டட்டும் என்று விட்டுவிட்டேன். கொஞ்ச நேரத்தில் நிருபர் மறுபடி கூப்பிட்டார். "ஜெசிந்தாங்க. ஆவூராம். பையில மைக்கு, ட்ரைபாடு எல்லாம் இருக்கு. நம்ம ஃபீல்டு பொண்ணு போலருக்குங்க."

பெயரைக் கேட்காமல் செய்தி போடக் கூடாது என்று என்னைப் பழக்கியவளே அந்த ஜெசிந்தாதான்.

நாம் எல்லோரும் இதழியலும் ஊடகத் தயாரிப்பும் படிக்கச் சேர்ந்த முதல் நாள் நினைவிருக்கிறதா? ஏன் இந்தப் படிப்பு என்று துறைத் தலைவர் ஒவ்வொருவராகக் கேட்டார். பாதிப்பேர் செய்தி வாசிக்க வேண்டும் என்றோம், மீதிப்பேர் சினிமா எடுக்க வேண்டும் என்றார்கள். ஜெசிந்தா எழுந்தாள். "எங்க பெரியம்மா கெணத்துல விழுந்து பொழச்சுச்சு சார். பேப்பர்ல 'மூதாட்டி மீட்பு'ன்னு வந்துச்சு. அதுக்கு அப்ப அம்பது வயசுகூட ஆகல. பேரும் போடல. இன்னைக்கு வரைக்கும் அந்தப் பேப்பர்காரனத் திட்டிக்கிட்டுத்தான் இருக்கு. அதுக்காகத்தான் சேந்தேன்." வகுப்பே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. அட, இது நிஜமாகவே சொல்கிறது என்று புரிய நமக்கு ஒரு வருடம் ஆனது.

இரண்டாம் ஆண்டில் பயிற்சி இதழுக்காக மணமேல்குடிக்குப் போனோம். அது என் ஊர். கடற்கரையில் கருவாடு காயப்போடும் பெண்களை நான் படம் எடுத்தேன். அருமையான வெளிச்சம், அருமையான படம். கல்லூரி இருந்த புதுக்கோட்டைக்குத் திரும்பி, படத்தை இதழின் பக்கத்தில் வைத்து, 'கருவாடு உலர்த்தும் பெண்கள்' என்று கீழே எழுதினேன். ஜெசிந்தா பின்னால் வந்து நின்றாள்.

"பேரைக் கேட்டியா, புள்ள?"

"எல்லாம் எனக்குத் தெரிஞ்சவங்கதான்டி. இது எங்க அத்த, இது சின்னாத்தா, அது வடக்குத் தெரு ஆத்தா."

"அத்த பேரு என்ன?"

எனக்குத் தெரியவில்லை. சத்தியமாகத் தெரியவில்லை. பிறந்ததிலிருந்து அவர்கள் கையால் சாப்பிட்டிருக்கிறேன். அத்தைக்கு ஒரு பெயர் இருக்கும் என்றே யோசித்ததில்லை. மறுநாள் அறந்தாங்கி வழியாக மறுபடியும் பஸ் ஏறினோம். பெயர் கேட்பதற்காக மட்டும் போனோம். வழியெல்லாம் நான் அவளைத் திட்டிக்கொண்டே வந்தேன். கடற்கரையில் அத்தையிடம் கேட்டபோது அத்தைக்கு வெட்கம் வந்துவிட்டது. "எம் பேரா? அதச் சொல்லிக் கூப்புட இங்கிட்டு யாரு இருக்கா?" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, மெதுவாக "அன்னக்கிளி" என்றார். வடக்குத் தெரு ஆத்தா "போதும்பொண்ணு" என்றார். எழுதிக்கொண்டு வந்து போட்டோம். இதழ் ஊருக்குப் போன பிறகுதான் தெரிந்தது, போதும்பொண்ணு என்பது அவருடைய தங்கையின் பெயராம். "அவ செத்துப் போய்ட்டா, அவ பேராச்சும் பேப்பர்ல வரட்டுமேன்னு சொன்னேன், என்னா இப்ப?" என்றார் ஆத்தா. நான் தலையில் அடித்துக்கொண்டேன். ஜெசிந்தா அடுத்த இதழில் திருத்தம் போட்டாள். அக்கா பெயரும் தங்கை பெயரும் அதில் இருந்தன.

அவளைத் தெய்வமாக்க நான் வரவில்லை. அது அவளுக்கே பிடிக்காது. சரியான பிடிவாதக்காரி. ஸ்டுடியோவில் செய்தித் தயாரிப்புத் தேர்வு நடந்த அன்று நான் வாசிப்பாளர், அவள் கன்ட்ரோல் ரூமில் தயாரிப்பாளர். 'அடையாளம் தெரியாத முதியவர்' என்று ஒரு செய்தி இருந்தது. முன்னால் சொல்லவும் இல்லை, கேட்கவும் இல்லை, நேரலை ஓடிக்கொண்டிருக்கும்போதே அதைத் தூக்கிவிட்டாள். என் முன்னால் எழுத்து ஓடும் திரை வெறுமையாக நின்றது. நான் கேமராவைப் பார்த்துத் திருதிருவென்று விழித்தேன். காதில் அவள் குரல்: "வணக்கம் சொல்லு! இல்லன்னா வானிலை சொல்லு!" ஜன்னலுக்கு வெளியே தெரிந்த வெயிலைப் பார்த்து, இன்று புதுக்கோட்டையில் வெயில் கடுமையாக இருக்கிறது என்று அடித்துவிட்டேன். இருவருக்கும் மதிப்பெண் போச்சு. வெளியே வந்து அவளை அடிக்கப் போனேன். அவள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "பேரு தெரியலன்னா நமக்குத் தெரியலன்னுதான் அர்த்தம்டி. அவருக்குப் பேரு இல்லன்னு அர்த்தம் இல்ல. இன்னும் ஒரு நாள் விசாரிச்சுட்டுப் போட்டா என்ன கொறஞ்சா போகும்?" துறைத் தலைவரிடமும் இதையே சொன்னாள். அவரும் அவளைத் திட்டினார்.

ஆனால் ஒன்று. பெயர், பெயர் என்று அலைந்தவளே ஒருமுறை பெயரை விழுங்கினாள். இறுதியாண்டு ஆவணப்படத்துக்காக, கல்யாணம் பேசி முடித்த பிறகும் படிக்க வேண்டும் என்று வீட்டில் சண்டை போட்ட ஒரு பெண்ணைப் படம் பிடித்தோம். முகம் தெரியாமல் பின்னால் இருந்துதான் எடுத்தோம். கேமராவை அணைத்ததும் ஜெசிந்தா அவள் பெயரைக் கேட்டாள். "போட்டுருவீங்களாக்கா?" என்று அந்தப் பெண் பயந்தாள். "போட மாட்டேன். ஆனா ஒன்ன என்னன்னு நெனைக்கிறது? பேரு வேணும்ல?" என்றாள் இவள். பெயரைக் கேட்டுக்கொண்டாள். படத்தில் வரவில்லை, எங்களிடமும் சொல்லவில்லை. நான் நச்சரித்தபோது, "பேரைக் கேக்குறது நம்ம வேல. போடுறதும் போடாததும் அப்பறம்" என்றாள். இது இரண்டும் ஒன்றுக்கொன்று இடிக்கிறதே என்று அப்போது எனக்குத் தோன்றியது. விபத்து நடந்த அன்றைக்கு மதியம்தான் விளங்கியது.

படிப்பு முடிந்ததும் நான் ஏசி அறைக்குள் போய்விட்டேன். அவள் சொந்தமாக ஒரு யூடியூப் சேனல் தொடங்கி, ஸ்கூட்டியில் ஊர் ஊராகச் சுற்றினாள். "நீ உக்காந்த எடத்துலயே ஒலகத்த ஓட்டுறவ" என்று என்னைக் கேலி செய்வாள். என் சார்ஜரை வாங்கிப் போய்த் திருப்பித் தந்ததே இல்லை. கேட்டால், "ஓடிற மாட்டேன்டி" என்பாள். விபத்துக்கு முந்தைய வாரம்கூடக் கூப்பிட்டாள். வேலையாக இருக்கிறேன், பிறகு பேசுகிறேன் என்றேன். பிறகு பேசவில்லை.

மறுபடியும் அந்த மதியத்துக்கு வருகிறேன். வராமல் இருக்க முடியவில்லை.

பெயர் கிடைத்ததும் இன்சார்ஜ் நிமிர்ந்தார். "பேரு கெடச்சிருச்சுல்ல? நம்ம ஃபீல்டு பொண்ணு வேற. போடு, போடு, பிரேக்கிங்ல போடு."

"வீட்டுக்கு இன்னும் தெரியாது சார்."

"இம்புட்டு நேரம் பேரு வேணும்னு உசுர வாங்குன. இப்ப பேரு போட மாட்டேங்குறியா?"

"மாட்டேன் சார். அவங்க அம்மா வீட்டுல தனியா இருக்காங்க. அப்பா குவைத்துல இருக்காரு. டிவியப் பாத்துத் தெரிஞ்சுக்கக் கூடாது." விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டு எழுந்து நின்றேன். என் முகத்தில் எதைப் பார்த்தாரோ, "தெரிஞ்சவளா?" என்று மட்டும் கேட்டார். தலையை ஆட்டினேன்.

யாருக்குச் சொல்வது, யாரை அனுப்புவது என்று நான் தவித்துக்கொண்டிருந்தபோதே என் போன் அடித்தது. ஜெசிந்தாவின் அம்மா.

"ஏம்மா கலை, கீரனூர்ட்ட யாரோ பொண்ணு அடிபட்டு எறந்துருச்சாமே. டிவில போட்டான். பாவம், பேரக்கூடப் போடலம்மா. ஒனக்குத் தெரியுமா? நம்ம ஜெசி வேற போன எடுக்க மாட்டேங்குறா."

பெயர் என் வாயில் இருந்தது. அதைக் கேட்டு வாங்கியவளும் நான்தான். கேட்க உரிமை உள்ள ஒரே ஆள் கேட்கிறார், என்னால் சொல்ல முடியவில்லை. "டிவிய அமத்திருங்கம்மா. பக்கத்து வீட்டு அக்காவக் கூப்புட்டுக் கூட வச்சுக்கங்க. நான் வாரேன்."

"வேல நேரத்துல நீ எதுக்கும்மா வாரே?"

பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டே, "வாரேம்மா" என்றேன். "சரி. பாத்து வா" என்றார். அப்போதும் என் பயணத்தைப் பற்றித்தான் அவருக்குக் கவலை.

இன்சார்ஜ் அலுவலக வண்டியைக் கொடுத்தார். வழியில் ஒரு வார்த்தையும் எனக்குள் நிற்கவில்லை. எப்படிச் சொல்வது, எங்கே தொடங்குவது, அடிபட்டிருக்கிறது என்று முதலில் சொல்லலாமா என்று என்னென்னவோ ஒத்திகை பார்த்தேன். செய்தி வாசிக்கப் படித்தவள் நான், பாருங்கள். ஆவூரில் கோயிலைத் தாண்டி அவள் வீட்டுத் தெருவில் வண்டி திரும்பியபோது அம்மா வாசலிலேயே நின்றிருந்தார். பக்கத்து வீட்டு அக்கா அவர் தோளைப் பிடித்திருந்தார். நான் இறங்கியதும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அம்மா, ஒரு ஆக்சிடெண்ட்டு..."

"சுத்தி வளைக்காதம்மா. யாருன்னு பேரச் சொல்லு."

அப்போதுதான் தெரிந்தது, அந்தக் கேள்வி அவளுக்கு எந்த வீட்டிலிருந்து வந்தது என்று. சொன்னேன். பெயரை முழுதாகச் சொன்னேன். அதற்குப் பிறகு அந்த வாசலில் நடந்ததை எழுத மாட்டேன். போடாமல் விடுவதும் அவள் சொல்லித் தந்ததுதான்.

அழுகை கொஞ்சம் ஓய்ந்த பிறகு அம்மாவே சொன்னார். "பேரு இல்லாம ஓட்டிக்கிட்டு இருக்கானுக. நீ அவ பேரப் போட்டுரு." முற்றத்தில் நின்று அலுவலகத்துக்குப் போன் செய்து வரியைச் சொன்னேன். 'கீரனூர் அருகே விபத்து: ஆவூரைச் சேர்ந்த செய்தியாளர் ஜெசிந்தா மரணம்.' பலி என்ற சொல் அவளுக்கு ஆகாது. ஆடா, கோழியா என்று கேட்பாள். இன்சார்ஜ் ஓர் எழுத்தையும் மாற்றவில்லை.

பின்னர் போலீஸ் திருப்பித் தந்த அவள் பையில் என் சார்ஜர் இருந்ததாம். அம்மா எடுத்துக் கொடுத்தார். நான் வாங்கிக்கொள்ளவில்லை, அது அங்கேயே இருக்கட்டும். அவளிடமிருந்து நான் எடுத்து வந்தது அந்த ஒரு கேள்வியைத்தான். கீரனூர் நிருபர்கூட இப்போதெல்லாம் போன் செய்தால், "மேடம், பேரு கேட்டுட்டேங்க" என்றுதான் ஆரம்பிக்கிறார். யார் பெயர் வரப்போகிறதோ என்று பயமாக இருக்கிறது.

சொல்லுங்க என்கிறேன்.