தங்கையின் மஞ்சள் கண்கள்

எங்கள் வீட்டில் ஒரு டம்ளரின் அடியில் மட்டும் அம்மா சிவப்பு நெயில் பாலிஷ் தொட்டு வைத்திருந்தாள். அது என் தங்கையுடையது. அவள் கண்கள் எப்போதும் லேசாக மஞ்சளித்திருக்கும். ஒட்டிக்கொள்ளும் காமாலை என்றே எல்லோரும் நினைத்தோம்; கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தோம். சங்கரன்கோவிலில் அவள் படித்த பள்ளியில் யாரும் அவளருகே உட்காரவில்லை. எட்டாம் வகுப்பு முழுக்கக் கடைசி பெஞ்சில் தனியாக இருந்தாள். வீட்டில் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. டிபன் பாக்ஸ் தொடாமலே திரும்பி வந்த ஒருநாள் நான் துருவிக் கேட்டபோதுதான் அழுதாள்.

அந்த ஆண்டு ஒரு காய்ச்சலுக்குப் பின் முகம் வெளுத்து, நாலு படி ஏறுவதற்குள் மூச்சு வாங்கினாள். ஊருக்குப் புதிதாக வந்திருந்த டாக்டரம்மா அவள் வயிற்றின் இடப்பக்கத்தை அழுத்திப் பார்த்தார். ரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு எங்களை உட்காரச் சொன்னார்.

"ரத்தத்துல இருக்க சிவப்பணு நாலு மாசம் போல ஓடும். வயசானா விறைச்சுப்போயி, மண்ணீரல்ல இருக்க இடுக்குல வளைஞ்சு நுழைய முடியாது. அங்கன காவலுக்கு இருக்க அணுவெல்லாம் அதைப் புடிச்சு விழுங்கிரும். இரும்புச் சத்து புது ரத்தத்துக்குப் போயிரும். மிச்சந்தான் இந்த மஞ்சள். இவளுக்குப் பிறவியிலயே அணு உருண்டையா இருக்கு. அதனால இளசையும் கெழடுன்னு புடிச்சுப் போடுது. மண்ணீரலை எடுத்துட்டா சரியாயிரும்."

அம்மா பதறினாள். "எடுத்துட்டா கெழட்டு ரத்தத்தை யாரு பாத்துக்கிடுவா, டாக்டரம்மா?"

"கல்லீரல் பாத்துக்கிடும்."

தங்கை ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அப்போ என்கிட்ட இருந்து யாருக்கும் ஒட்டாதுல்லா?"

"ஒட்டாது மக்கா."

அவள் சிரித்தாள், அம்மாதான் அழுதாள். வீட்டுக்கு வந்ததும் அம்மாவே அந்த டம்ளரின் சாயத்தைப் பிளேடால் சுரண்டி எடுத்தாள்.

மண்ணீரல் இல்லாவிட்டால் கிருமிகள் எளிதில் தாக்கும் என்பதால் முதலில் தடுப்பூசிகள் போட்டார்கள். பிறகு திருநெல்வேலியில் ஆபரேஷன். சில நாட்களில் கண்கள் வெளுத்தன. கண்ணாடி முன்னாலிருந்து அவளை நகர்த்தவே முடியவில்லை.

இப்போது அவளுக்குச் சிவகிரியில் ஓர் அலுவலகத்தில் வேலை. காய்ச்சல் என்றால் மட்டும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், மற்றபடி குறையில்லை. அவள் மகனுக்கும் அதே வாகு, ஆனால் லேசாக. மாத்திரை போதும், ஆபரேஷன் வேண்டாம் என்று போன மாதம் டாக்டர் சொன்னார். அதைச் சொல்ல எங்கள் வீட்டுக்கு வந்தவள், டாக்டரம்மா சொன்ன விளக்கத்தை அப்படியே அவனுக்கும் சொன்னாள்.

பையன் யோசித்தான். "அப்போ மத்தவங்களுக்கு நாலு மாசத்துக்கு ஒருக்காதான் புது ரத்தம். எனக்கு அதுக்கு முன்னாடியே வந்துரும். அப்படித்தானம்மா?"

"ஆமாலே, நீ பெரிய ஆளுதான்" என்று அவன் தலையைக் கலைத்துவிட்டாள்.