கம்பளிக்கு மேல் வைத்த ஸ்டெதாஸ்கோப்

அறுபதுகளின் தொடக்கத்தில் கொடைக்கானலில் ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் நான் இளைய டாக்டர். அங்கே நோயாளியின் ஸ்வெட்டரை யாரும் கழற்றச் சொல்வதில்லை. குளிருக்கு இரக்கம், பெண்களென்றால் கூச்சமும் சேர்ந்துகொள்ளும். பெரிய டாக்டர் கம்பளிக்கு மேலேயே ஸ்டெதாஸ்கோப்பை வைப்பார். கம்பளி உரசினாலே கரகரவென்று கேட்கும். அதைச் சளி என்று எடுத்துக்கொண்டு, மூச்சிரைத்து வரும் வயதானவர்களுக்கெல்லாம் ஆஸ்துமா என்று எழுதி, அட்ரினலின் ஊசி போடச் சொல்லிவிடுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு நாள் காலை, கடைவீதி பலசரக்குக் கடை பாயின் மனைவி வந்தார். அறுபதைத் தாண்டியவர். மேட்டில் ஏறும்போது மூச்சு முட்டி மயங்கி விழுந்திருக்கிறார். பெரிய டாக்டர் வழக்கம்போலப் பார்த்து, ஊசி எழுதி, என்னிடம் அனுப்பினார். நான் திரையை இழுத்துவிட்டு, "ஸ்வெட்டரைக் கழட்டுங்கம்மா" என்றேன்.

"ஆத்தாடி, இந்தக் குளிர்லயா? வெரசா ஊசியப் போட்டு விடுங்க டாக்டரம்மா, வீட்ல சோலி கெடக்கு."

"சோலி எங்கயும் ஓடிப்போயிடாது. கழட்டுங்க."

ஸ்டெதாஸ்கோப்பின் வட்டை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கி, நெஞ்சின் வலப்பக்க மேல் ஓரத்தில், தோலில் வைத்தேன். ஒவ்வொரு துடிப்பிலும் ரம்பம் மரத்தை அறுப்பது போன்ற சத்தம். கழுத்திலும் கேட்டது. இதயத்திலிருந்து ரத்தம் வெளியேறும் வால்வு இறுகிப்போயிருந்தது. அந்த ஊசியைப் போட்டால் இதயம் தறிகெட்டு ஓடும், உயிரே போகலாம்.

நர்ஸ் ஊசியோடு வந்து நின்றாள். "போடக் கூடாது" என்றேன்.

விஷயம் தெரிந்து பெரிய டாக்டர் பாய்ந்து வந்தார். "என் ஆர்டரை மாத்த நீ யாரு?"

"கேட்டுட்டுத் திட்டுங்க சார். தோல்ல வச்சுக் கேளுங்க. அதுவரைக்கும் இந்தக் கட்டிலை விட்டு நகர மாட்டேன்."

வேலை போனால் போகட்டும், வத்தலக்குண்டுக்குப் பஸ் இருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

கட்டிலில் இருந்த அம்மா துப்பட்டியை விலக்கினார். "இம்புட்டுத் தூரம் சொல்லுதுல்ல அந்தப் பிள்ளை. கேட்டுத்தான் பாருங்களேன்."

பெரிய டாக்டர் கேட்டார். வெகுநேரம் கேட்டார். "ஊசியை எடுத்துட்டுப் போ" என்று நர்ஸிடம் சொன்னார்.

வெளியே வந்ததும் குரல் இறங்கியிருந்தது. "போன வாரம் அடுக்கம் கிராமத்துல இருந்து ஒரு பெரியவர் வந்தாரே, அவரையும் கம்பளியோடதான் பார்த்தேன். ஆள் அனுப்பி வரச் சொல்லு."

அவரைத் தேற்ற எனக்கு மனமில்லை.

"வேண்டாம் சார். நேத்துதான் சேதி வந்துச்சு. ஊசி போட்ட அன்னைக்கே, வீடு போய்ச் சேர்றதுக்குள்ள செத்துட்டார்" என்றேன்.