தேவன் செய்த கேம் பெட்டி

என் தம்பி தேவனுக்கு மலேசியாவின் ஈப்போவில் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை. மிச்ச அட்டைகளை வீட்டுக்குக் கொண்டுவந்து, மகள் ஷர்மினி டிவியில் மாட்டி விளையாடும் கேம் பெட்டியைப் பார்த்துப் பார்த்து, தீப்பெட்டி அளவில் அதே மாதிரி செய்வான். டிஸ்க் போடும் வாய், பின்னால் காற்று போகும் ஓட்டை, ஒன்றையும் விடமாட்டான். பிளேடு, பசை, பல்குத்தும் குச்சி, அவ்வளவுதான் அவன் சாமான்.

"செஞ்சது போதும்ப்பா, வாங்க ஒரு ஆட்டம் போடலாம்" என்பாள் ஷர்மினி.

"அலுப்பா இருக்கும்மா, நாளைக்கு வாரேன்" என்பான்.

போன வருஷம் டெங்கிக் காய்ச்சல் வந்து அவள் போய்ச் சேர்ந்தாள். இவன் அழவில்லை. வேலைக்குப் போனான், வந்தான், அட்டை வெட்டினான். பிள்ளை செத்த வீட்டில் விளையாட்டுச் சாமானா என்று நான் கத்தினேன். காதில் வாங்கினால்தானே!

வருஷத் திதி வந்தது. அவன் மனைவி தினேஸ்வரி, மகளுக்குப் பிடித்த வறுத்த மீ கோரெங் நூடுல்ஸ், மைலோ எல்லாம் படையலில் வைத்தாள். தேவன் புதிதாக ஒரு கேம் பெட்டியும், கையில் பிடித்து ஆடும் கன்ட்ரோலரும் செய்து இலை ஓரத்தில் வைத்தான். அவள் வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றோம். பிறகு எல்லாரும் சாப்பிட்டோம். அவன் மட்டும் கை நனைக்கவில்லை.

"சாப்பாட்ட நாம சாப்பிட்டா அவளுக்குப் போயிரும்க்கா. இது எப்படிப் போகும்?"

எனக்கு என்ன தெரியும்? பக்கத்து வீட்டுச் சீனக்கார லாவ் ஆன்ட்டிதான் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பதில் சொன்னாள். தமிழர்கள் வேலை செய்த ரப்பர் தோட்டத்துக் கடைக்காரர் மகள். தமிழ் நன்றாகப் பேசுவாள்.

"எரிக்கணும்லா, தேவன். எங்காளுங்க அப்படித்தான் அனுப்புவாங்க."

"நம்ம வழக்கம் இல்லடா!" என்றேன். அதற்குள் அவன் வேலியைத் தாண்டிவிட்டான். ஆன்ட்டி தன் முன்னோருக்குத் தாள்காசு எரித்த தகர டின்னில் நெருப்பு எரிந்துகொண்டிருந்தது. பெட்டியைப் போட்டான், கன்ட்ரோலரைப் போட்டான்.

"கன்ட்ரோலர் ஒன்னுதானா?" என்றாள் ஆன்ட்டி. "என் பேரனுங்க ரெண்டு வச்சுதான் ஆடுவாங்க."

ஷர்மினி தனியாக ஆடித்தான் தேவன் பார்த்திருக்கிறான். பார்த்ததைத்தானே செய்வான்? கடையில் வாங்கிய பெட்டியோடு வந்த இன்னொரு கன்ட்ரோலர் உறைகூடப் பிரிக்காமல் அலமாரியில் கிடந்தது.

உள்ளே போய் அதைப் பிரித்து எதிரே வைத்துக்கொண்டு, அதே மாதிரி அட்டையில் ஒன்று செய்தான். முடித்துக்கொண்டு டின்னுக்குப் பக்கத்தில் வந்தான்.

"போடுலா, நெருப்பு அணையப் போகுது" என்றாள் ஆன்ட்டி.

அவன் அதைச் சட்டைப் பையில் வைத்துப் பொத்தானை மாட்டினான்.

"இது என்னுது ஆன்ட்டி. அவ கூப்பிட்டா ஆடணும்."

அவன் முகத்தில் அப்போதும் ஒன்றும் இல்லை. நான்தான் வேலியைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.